ஐஸ்கிரீம் சாப்பிட்ட மூன்று பேர்

அத்தியாயம் 9

"ஷூவைக் கழட்டச் சொன்னாங்க மேடம். கழட்டினான். சாக்ஸை உருவச் சொன்னாங்க. அதையும் உருவினான். ஹால்ல இருந்தவங்க எல்லாம் சாப்பிடறதை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கறாங்க. எந்தம்பி வெறுங்காலோட நிக்கறான்."

சொன்னவர் ஒரு ரெஸ்டாரண்டின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற அக்கா. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. அவருக்கு ஐம்பது, அவருடைய தம்பிக்கு நாற்பத்தைந்து இருக்கும். தம்பி அதே ரெஸ்டாரண்டில் பதினோரு வருடமாக சர்வர்.

எங்கள் துப்பறியும் நிலையம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒன்றரை அறை. முழு அறை மேடத்துக்கு. அரை அறை எனக்கும் பீரோவுக்கும் பொது. மேடம் இருபது வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பொய்யான விண்ணப்பங்களைப் பிடிக்கும் பிரிவில் இருந்தவர். நான் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவன். மனிதர்களைப் பற்றி எங்கள் இருவருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

அக்கா சொன்னார். சனிக்கிழமை மதியம். ஜன்னலோர மேஜை. நான்கு பேர், கல்லூரி நாள் நண்பர்கள், வாராவாரம் வருகிறவர்கள். ஒருவர் ஆடிட்டர், ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வீட்டு புரோக்கர். நான்காவது, அடுத்த மாதம் கல்யாணமாகப் போகிற பெண். கல்யாணப் பெண் நண்டு சாப்பிடுவதற்காக நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் மடித்து, டம்ளர் பக்கத்தில் வைத்தாள். தம்பி தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அவள் கை கழுவிவிட்டு வந்தாள். மோதிரம் இல்லை.

"அவ போட்ட கூச்சல்ல நான் பாத்திரத்தைப் போட்டுட்டு வாசப்படிக்கு ஓடி வந்துட்டேன். மேனேஜர் தம்பியோட பாக்கெட்டைத் துழாவறாரு. 'ஷூவையும் பாருங்க, இவங்க அதுலதான் ஒளிச்சு வெப்பாங்க'ன்னு எடுத்துக் கொடுத்தது அந்த புரோக்கர்."

"மத்த ரெண்டு பேர் என்ன செஞ்சாங்க?"

"பில்லைப் பிரிச்சிட்டிருந்தாங்க மேடம்."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகமாகிவிட்டது. "என்னக்கா சொல்றீங்க? அந்த நேரத்துலயா?"

"ஆமா. போன்ல ஒரு ஆப்பு வெச்சிருக்காங்க. பில்லை போட்டோ புடிச்சா ஒவ்வொரு அயிட்டமா வருமாம். யார் தின்னாங்களோ அவங்க பேருக்கு நேரா ஒரு டிக். எந்தம்பி சாக்ஸை உருவறப்ப, 'ரெண்டாவது தண்ணி பாட்டில்ல நான் ஒரு வாய்தான் குடிச்சேன், என்னை எடுத்துடு'ன்னு பல் டாக்டர் சொல்லிட்டிருக்காரு."

பங்கு போட்டுச் சாப்பிடுவது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். தியேட்டரில் எத்தனையோ பேர் சில்லறையைக் கொட்டி, குறைந்ததை யாரோ ஒருவன் போட்டு, கும்பலாக உள்ளே போயிருக்கிறார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று இடைவேளைக்குள் மறந்தும் போயிருக்கிறார்கள். இவர்கள் அந்த ஜாதி இல்லை. ஒரு வாய்த் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறவனை நண்பன் என்று எந்த நாக்கால் கூப்பிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"தம்பிகிட்ட எதுவும் கிடைக்கல. அதனால எங்கிட்ட கொடுத்துட்டான்னு இப்ப பேச்சு. நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள மோதிரம் வரலேன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல, போலீஸ்ல எழுதிக் கொடுத்துடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. தம்பி நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. 'வேலை போனா போகட்டும்க்கா, அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடன்னு நிக்க வெச்சுட்டாங்களே'ன்னு அதையேதான் சொல்லிட்டிருக்கான்."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். மேடம் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மோதிரம் கிடைக்கட்டும், அப்புறம் பாக்கலாம். நீங்க போய் அவரை முதல்ல சாப்பிட வைங்க."

அக்கா இறங்கிப் போனதும் நான் கேட்டேன். "எங்கேர்ந்து மேடம் ஆரம்பிக்கறது? கைரேகையா, காலடியா?"

"பில்லுலேர்ந்து. மனுஷங்க பொய் சொல்வாங்க. கஞ்சனோட கணக்கு சொல்லாது."

கல்யாணப் பெண்ணின் ஃபிளாட்டில் அழைப்பிதழ் கட்டுகள் சோபாவை ஆக்கிரமித்திருந்தன. எங்களுக்கு உட்கார இடம் ஒதுக்கித் தர அவளுக்குத் தோன்றவில்லை. நின்றுகொண்டே விசாரித்தோம்.

"அந்தாளைப் போலீஸ்ல கொடுக்கறதை விட்டுட்டு எங்கிட்ட எதுக்கு வந்திருக்கீங்க?" என்றாள்.

"அன்னிக்கு யார் யார் எப்ப மேஜையை விட்டு எந்திரிச்சாங்கன்னு தெரியணும். என்னென்ன சாப்பிட்டீங்க?"

"அது எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஆப்பைப் பாருங்க." போனை நீட்டினாள்.

நானும் மேடத்தின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். சூப், நண்டு, வறுத்த கோழி, தண்ணீர் பாட்டில். இரண்டாவது தண்ணீர் பாட்டிலைத் தனியாக எழுதி, பல் டாக்டரை நீக்கி மூன்றாகப் பிரித்திருந்தார்கள். எல்லா வரியும் சிவப்பு எழுத்து. கடைசி வரி மட்டும் பச்சை: ஐஸ்கிரீம், மூன்று பேர்.

"பிஸ்தா ஐஸ்கிரீம் போலிருக்கு மேடம், பச்சையா இருக்கு" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் அந்த வரியை விரலால் தொட்டார். ஏதோ விவரம் விரிந்தது. படித்தார். நான் கழுத்தை நீட்டுவதற்குள் மூடிவிட்டார்.

"ஐஸ்கிரீமா?" கல்யாணப் பெண் போனைப் பிடுங்கினாள். "நான் சாப்பிடவே இல்லையே! யாரு அந்த மூணு பேர்? ஆடிட்டர், டாக்டர், புரோக்கர்... சே! நான் கை கழுவப் போன நேரத்துல என்னை விட்டுட்டு சாப்பிட்டிருக்காங்க! பாத்தீங்களா இவங்க புத்தியை?"

மோதிரம் போனதைச் சொல்லும்போது வராத கண்ணீர் இப்போது வந்தது. நல்லவேளை, பக்கத்தில் டிஷ்யூ பேப்பர் இருந்தது.

"இந்த ஆப்புல உங்க பாக்கி மொத்தம் எவ்வளவு?" என்றார் மேடம்.

"பூஜ்யம். ஏன்?"

"எப்பவுமே பூஜ்யமா?"

"இல்ல, கொஞ்சம் இருந்துச்சு. நான் மறதிக்காரி. பர்ஸை வீட்லயே வெச்சிட்டு வந்துடுவேன். ஆடிட்டர் தினம் ஞாபகப்படுத்துவான். நான் சிரிக்கற பொம்மை ஒண்ணு அனுப்பிடுவேன்."

"எத்தனை நாளா மறதி?"

"பதினாலு மாசமா."

"அந்தப் பாக்கியை எப்ப கட்டினீங்க?"

அவள் யோசித்தாள். அந்த முகத்துக்கு யோசிப்பது பழக்கமில்லாத வேலை. "கட்டின மாதிரி இல்ல. ஆப்பே பாத்து சரி பண்ணியிருக்கும்."

பதினாலு மாதப் பாக்கியை ஒரு செல்போன் இரக்கப்பட்டுத் தள்ளுபடி செய்துவிட்டதென்று நம்புகிற பெண்ணிடம் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? கிளம்பினோம்.

மாடிப்படியிலேயே மேடம் அக்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஒரு சந்தேகம். சனிக்கிழமை ஜன்னலோர மேஜைலேர்ந்து எத்தனை ஐஸ்கிரீம் கிண்ணம் கழுவ வந்துச்சு?"

"ஐஸ்கிரீம் கிண்ணமா? ஒண்ணுகூட வரலையே மேடம். எப்படி வரும்? எங்க ஃப்ரீசர் உசுரை விட்டு மூணு வாரம் ஆச்சு. இப்ப அதுல டிஷ்யூ பேப்பர் கட்டுதான் அடுக்கி வெச்சிருக்கோம்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப மூணு பேரும் சாப்பிட்டது எந்த ஐஸ்கிரீம்?"

"எனக்கும் அதைச் சாப்பிடணும் போலதான் இருக்கு" என்றார் மேடம். "நாலு பேரையும் நாளைக்கு ரெஸ்டாரண்டுக்கு வர வைக்கணும்."

"விசாரணைன்னு கூப்பிட்டா ஆளுக்கொரு வேலை சொல்வாங்களே."

"விசாரணைன்னு எவன் சொல்லச் சொன்னான்? மேனேஜர் பேர்ல ஒரு மெசேஜ் போகட்டும். 'சனிக்கிழமை பில்லில் தவறுதலாகக் கூடுதல் தொகை வசூலாகிவிட்டது. திங்கட்கிழமை பதினொன்றரைக்கு நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் திருப்பித் தரப்படும்.'"

"எவ்வளவுன்னு போடட்டும்?"

"தொகையைப் போடாதே. போட்டா பெட்ரோல் செலவைக் கழிச்சுப் பாப்பாங்க."

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக் கூட்டத்துக்கு நால்வரும் பதினொன்றே காலுக்கே வந்துவிட்டார்கள். ஆடிட்டர் பில்லை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். புரோக்கர் வீடு பார்க்க வந்தவர்களை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பல் டாக்டர், ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடி உட்கார வைத்துவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். நடுவில் கல்யாணப் பெண். ஐஸ்கிரீம் கோபத்தில் யாரோடும் பேசவில்லை.

ஹாலில் பாதி மேஜைகள் நிரம்பியிருந்தன. அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றார். தம்பி சுவரோரம் நின்றார். ஒல்லியான, நரைத்த மனிதர். சீருடை போட அனுமதி இல்லாததால் வீட்டுச் சட்டையோடு இருந்தார். பதினோரு வருடம் நடமாடிய இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்கு அரைமணிதான் இருந்தது.

"எவ்வளவு திரும்ப வருது?" என்றார் ஆடிட்டர்.

"அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கேள்வி" என்றார் மேடம். "சனிக்கிழமை ஐஸ்கிரீம் எப்படி இருந்துச்சு?"

பல் டாக்டர் முந்திக்கொண்டார். "சுமார்தான்."

"எனக்கு இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் புரோக்கர். அதையும் கழித்துத் தருவார்கள் என்று நினைத்திருப்பார்.

ஆடிட்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரில் மூளை என்று ஏதாவது இருந்தது அவரிடம்தான்.

"மேனேஜர் சார், அந்த ஃப்ரீசரைத் திறந்து காட்டுங்க" என்றார் மேடம். ஹால் மூலையில் இருந்ததை மேனேஜர் திறந்தார். உள்ளே டிஷ்யூ பேப்பர் கட்டுகள் விளிம்பு வரை இருந்தன. பல் டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்தபோது, அவருடைய நோயாளிகளில் யாரோ ஒருவருடைய வலி தீர்ந்தது போல எனக்கு இருந்தது.

மேடம் கல்யாணப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உங்க ஆப்புல அந்த ஐஸ்கிரீம் வரியைத் தொட்டுப் பாருங்க. விலை எவ்வளவு?"

அவள் தொட்டாள். படித்தாள். "நாப்பத்தாறாயிரத்து இருநூத்திப் பன்னெண்டரை. என்னது?"

"அந்தக் காசுக்கு ஃப்ரீசரையே வாங்கலாமே!" என்றேன் நான்.

"காசு கொடுத்தது யாருன்னு போட்டிருக்கு?" என்றார் மேடம்.

"எம் பேரு. நானா? நான் மூணு பேருக்கு வாங்கிக் கொடுத்தேனா? சத்தியமா இல்ல! நான் இதுவரைக்கும் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்ததே கிடையாது!"

அந்த ஹாலில் அன்று பேசப்பட்ட முதல் உண்மை அதுதான்.

"சிவப்புன்னா நீங்க கொடுக்கணும், பச்சைன்னா உங்களுக்கு வரணும்" என்றார் மேடம். "நீங்க கை கழுவப் போனீங்க. அதுக்குள்ள உங்க மோதிரம் இவங்க கைக்குப் போயிடுச்சு. உங்க பதினாலு மாசப் பாக்கி எவ்வளவோ, அதே தொகைக்கு ஐஸ்கிரீம்னு ஒரு வரவு. இவர் வெறுங்காலோட நின்ன அந்த நேரத்துல மேஜைல நடந்தது அந்த டிக்குதான்." ஆடிட்டரைப் பார்த்தார். "திருடறவன் கைரேகை விட்டுட்டுப் போவான் சார். நீங்க ரசீதே போட்டுக் கொடுத்திருக்கீங்க."

"திருட்டுன்னு சொல்லாதீங்க!" ஆடிட்டர் எழுந்துவிட்டார். குற்றம் வெளிப்பட்ட வெட்கம் கொஞ்சமும் இல்லை, மானம் போன கோபம்தான் இருந்தது. "அது வசூல். நானூறு தடவை ஞாபகப்படுத்தியிருக்கேன். நானூறு சிரிப்பு பொம்மை அனுப்பியிருக்கா. பொருளை எடுத்துக்கிட்டு பாக்கியை அப்படியே விட்டாதான் அது திருட்டு. நான் முறையா வரவு வெச்சிருக்கேன்."

"ஐஸ்கிரீம்னா?"

"மோதிரம்னு எழுதினா இவளுக்குத் தெரிஞ்சுடுமே."

"எழுதாமயே விட்டிருக்கலாமே சார்?" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

அவர் என்னைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார். "எழுதாம எப்படிய்யா விடறது? கணக்கு இடிக்குமே."

"மோதிரம் எங்க?" என்றார் மேடம்.

பல் டாக்டர் கைப்பையைத் திறந்தார். பல் அச்சு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள், யாருடைய கடைவாய்ப் பற்களின் அச்சுக்கோ நடுவில், மோதிரம் இருந்தது. "சாயங்காலம் விக்கறதா இருந்தோம். நல்ல விலை தர்ற இடம் புரோக்கருக்குத் தெரியும்" என்றார்.

கல்யாணப் பெண் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பரிதாபம் வரப் பார்த்தது. அதற்குள் அவள் வாயைத் திறந்தாள். "இதோட விலை அறுபதாயிரத்துக்கு மேல. நாப்பத்தாறுக்கு வரவு வெச்சிருக்கே. மிச்சத்தை நீங்க மூணு பேரும் அமுக்கறதா இருந்தீங்களா?"

"வித்த பிறகு வித்தியாசத்தை சரி பண்ணியிருப்பேன்" என்றார் ஆடிட்டர்.

"போலீஸுக்குப் போகணும்னா உங்க இஷ்டம்" என்றார் மேடம் அவளிடம்.

அவள் தயங்கினாள். போலீஸ் என்று போனால் பதினாலு மாதப் பாக்கியும் கூடவே வந்து நிற்கும் என்று அவளுக்கு முதல்முறையாகக் கணக்கு வந்தது. "வேண்டாம். எங்களுக்குள்ள பேசிக்கறோம்" என்றாள். நால்வரும் உடனே பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஐஸ்கிரீமை அழித்தால் பழைய பாக்கி திரும்ப வருமா, வந்தால் என்றைக்குள் கட்டுவது என்று.

மேனேஜர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "சரி, ஒரு வழியா முடிஞ்சுது. யோவ், என்ன நின்னுட்டிருக்கே? யூனிஃபார்மைப் போட்டுட்டு வா, கூட்டம் வர்ற நேரம்."

தம்பி நகரவில்லை.

மேடத்தின் குரல் ஏறியது. கோபம் வந்தால் அவருக்கு அந்தக் குரல் வரும். "என்ன முடிஞ்சுது? இதே ஹால்ல, இவ்வளவு பேர் முன்னாடி, ஒரு மனுஷனை சாக்ஸ் வரைக்கும் உருவிட்டு நிக்க வெச்சீங்க. மோதிரம் யார் கையில இருக்குன்னு மூணு பேருக்குத் தெரியும். தெரிஞ்சே ஷூவைப் பாருங்கன்னு சொன்னாரு இந்த புரோக்கர். அதுக்கு யார் பதில் சொல்றது?"

"நாங்க அவரைத் திருடன்னு சொல்லவே இல்லையே" என்றார் புரோக்கர். "பாக்கச் சொன்னோம், அவ்வளவுதான்."

"நான் அப்ப தண்ணி பாட்டில் விஷயமா பேசிட்டிருந்தேன்" என்றார் பல் டாக்டர்.

பக்கத்து மேஜைகளில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர், "மன்னிப்பு கேளுங்கய்யா" என்றார். ஆடிட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"சரி. எல்லார் சார்புலயும் நானே சொல்லிடறேன்."

"என்னையும் சேத்துக்கோ" என்றாள் கல்யாணப் பெண்.

"என்னையும்" என்றார் மேனேஜர், கொஞ்சம் மெதுவாக.

அப்போதுதான் தம்பி பேசினார். நாங்கள் வந்ததிலிருந்து அவர் குரலையே நான் கேட்டிருக்கவில்லை. சத்தமில்லாத குரல், ஆர்டர் கேட்டுப் பழகிய குரல்.

"வேண்டாம் சார். இதைப் பங்கு போடாதீங்க." அவர் அவர்களை நேராகப் பார்த்தார். "அன்னிக்கு நான் நின்னப்ப நீங்க அஞ்சு பேரும் இருந்தீங்க. ஆளுக்கு ஒண்ணு, முழுசா சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

சமையல்கட்டு வாசலில் அக்கா ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் மேனேஜர் சொன்னார். பிறகு பல் டாக்டர். புரோக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இவரைப் பாத்து சொல்லுங்க" என்றார் மேடம். திரும்பச் சொன்னார். ஆடிட்டருக்கு முழுசாகச் சொல்லி முடிக்க மூன்று தடவை ஆனது. கல்யாணப் பெண்தான் கடைசி. அவள் மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்.

தம்பி அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் கடைசி வார்த்தை வரை கேட்டார். ஐந்தாவதும் முடிந்த பிறகு உள்ளே போய் சீருடை மாற்றிக்கொண்டு வந்து, எட்டாம் நம்பர் மேஜையில் ஆர்டர் எடுக்கப் போனார்.